கம்பியை விடாத கை

பக்கவாதம் வந்ததிலிருந்து என் இடது கை எதைப் பிடித்தாலும் விடாது. பக்கத்தில் யாராவது சீராகத் தாளம் தட்டினால்தான் விரல்கள் விரியும். பிசியோதெரபியில் அப்படித்தான் பழக்குகிறார்கள்.

இன்று பேருந்தில் பிரேக் போட்டபோது அந்தக் கை கம்பியைப் பற்றிக்கொண்டது. திருவொற்றியூரில் இறங்க வேண்டும், முடியவில்லை. பின்னாலிருந்தவர்கள் நெருக்கினார்கள்.

"இன்னா நைனா, எறங்காம வழில நின்னுகினு கீற?" என்றார் கண்டக்டர்.

"கை வுடமாட்டேங்குது சார். ஒரே சீரா எதுனா தட்டுங்க, வுட்ரும்."

என் கையை ஒருமுறை பார்த்தார். பிறகு பேருந்தின் தகரத்தில் தட்டத் தொடங்கினார். முதலில் சுண்டுவிரல் அசைந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக விரிந்து, கை விடுபட்டது.

அதற்குள் தட்டல் சத்தத்தை 'ரைட்' என்று நினைத்து டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்தே வந்தேன். நாளை யாராவது துணைக்கு வருகிறீர்களா? டிரைவருக்குக் கேட்காமல் தட்டத் தெரிந்தவர்கள் மட்டும்.