முழங்கால் உயரத்தில் ஒரு காலண்டர்

எங்கள் வாடகை வீட்டுச் சுவர் உப்பு ஏறி மழைக்கு மழை உதிரும். காலையில் ஒரு முறம், சாயங்காலம் ஒரு முறம் என்று மனைவி பெருக்கி அள்ளுவாள். "வாங்கறதுன்னா உதிராத வீடா பாருங்க. இல்லன்னா வேணாம். சொந்தச் சுவரையும் பெருக்கிட்டிருக்க என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டாள்.

மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷ மேஸ்திரி நான். உப்பைப் பற்றி எனக்கே பாடமா என்ற திமிரோடுதான் கூனிமேட்டில் விலைக்கு வந்த வீட்டைப் பார்க்கப் போனேன், மனைவியோடு. வீட்டுக்காரர் கருவாட்டு வியாபாரம் பார்த்து ஓய்ந்த பாய். இன்ஜினியர் மாதிரி விரலை மடக்கிச் சுவர்களைத் தட்டினேன். என்ன சத்தம் வர வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் தட்டுக்குத் தட்டு ஒரு "ம்" போட்டேன். பாய் மரியாதையாகப் பின்னால் வந்தார்.

கூடத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு காலண்டர் தொங்கியது. "பரவால்லியே பாய், பேரப் பசங்க பாக்கட்டும்னு தாழ மாட்டியிருக்கீங்க" என்றேன். மனைவி குனிந்து காலண்டரைத் தூக்கினாள். பின்னால் பெயிண்ட் பொரிந்து உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"பேரப் பசங்களுக்காம்" என்றாள்.

பாய் தலையைச் சொறிந்தார். "மறைச்சது தப்புதாம்மா. கருவாட்டுக்கு வாங்கற உப்பு மூட்டைய அந்தச் சுவரு மேலதான் சாத்தி வெப்போம். அதான் ஏறிடுச்சு. மத்த சுவருல ஒண்ணும் கிடையாது, சத்தியமா."

"சத்தியம் எதுக்கு பாய்? இதோ நிக்கறாரே உப்பு மேஸ்திரி. ஏங்க, நக்கிப் பாருங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மண்டி போட்டேன். காலண்டர் சுவர் நாக்கில் பட்டதுமே கரித்தது. தரையிலிருந்துதான் உப்பு ஏறும் என்பதால் மற்ற சுவர்களையும் தவழ்ந்தபடியே பார்த்தேன். படுக்கையறையில் சுண்ணாம்பு ருசி. பின்கட்டில் தூசி. பாயின் சம்சாரம் எட்டிப் பார்த்து, "என்னாங்க, எதையாச்சும் தொலைச்சுட்டாரா?" என்று கேட்டார்.

"கம்முனு இரு. டெஸ்ட் பண்றாரு" என்றார் பாய்.

சமையலறையில் லேசாகக் கரித்தது. நிதானமாக இன்னொரு தரம் நக்கினேன். மீன் குழம்பு.

எழுந்து நின்றேன். பாய் செம்பில் தண்ணீர் கொடுத்தார். மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒரு சுவருதான். மத்தது கரிக்கல" என்றேன்.

"நிஜமாத்தான?"

"உன் சமையலையே இவ்ளோ கவனமா சாப்ட்டதில்ல."

வாங்கிவிட்டோம். இரண்டு மழைக்காலம் போய்விட்டது; முறம் பரணில் கிடக்கிறது. கூடத்துச் சுவர் மட்டும் அவ்வப்போது பூக்கும். அதனால் காலண்டர் அங்கேயே தொங்குகிறது. தேதி பார்க்க இன்றும் மண்டி போடுகிறேன். ஏன் இவ்வளவு தாழ என்று யாராவது கேட்டால், "அவருக்கு அந்த உயரந்தான் பழக்கம்" என்கிறாள் மனைவி.