கரி பஸ்ஸும் நிழல்காரரும்

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காததால் எங்கள் திருச்செங்கோட்டு பஸ் முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு கரி கேஸில் ஓடியது. ஓடியதைவிட நின்றதே அதிகம். நிற்கும்போதெல்லாம் ஒரு பெரிய தலைப்பாகைக்காரர் முதல் ஆளாக இறங்கி, சாலையோர மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்.

நானோ ரசாயனம் படிக்கிறவன். வாய் சும்மா இருக்குமா? "இந்த மரத்தை மூடின கலத்தில் போட்டுச் சுட்டால் கரி மட்டுமில்லைங்க. தார், காடி, சாராயம் மாதிரி ஒரு திரவம், எல்லாம் வரும். இனிமேல் தேசத்துக்கு மரமே போதும்!" என்றேன்.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஏனுங்க சாமி, அத்தனையும் மரத்துலிருந்து எடுத்துட்டா, நெழல எதுலிருந்துங்க எடுப்பீங்க?"

சுற்றியிருந்த பிரயாணிகள் சிரித்துவிட்டார்கள். ரோஷத்தோடு, "நீங்க எங்கே போறீங்க?" என்றேன்.

"எங்க சோளக்காட்டுப் புளியமரத்தக் கரி யாவாரிக்கு விக்கத்தானுங்க."

அவர் எழுந்து துண்டை உதறினார். "அதுக்குள்ள இத்தன சரக்கு இருக்குதுன்னு நீங்க சொன்னது நல்லதாப் போச்சுங்க. ரெட்டை வெலை கேக்கறேன். குடுக்காட்டி மரம் நிக்கட்டும்."

ஊர் வந்ததும் இறங்கிப் போய்விட்டார். என் பாடம் அந்த மரத்தை வெட்டியதோ, காப்பாற்றியதோ! புளியமரத்தடியில் ஒதுங்கும்போதெல்லாம் எனக்கு இதே சந்தேகம்.