பாய்லரம்மா கண் மூடமாட்டாள்

பாய்லரம்மாவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதற்குப் பின்னால் எந்தச் சோகக் கதையும் இல்லை. யாரும் அநியாயமாகச் சாகவில்லை, எந்த வேண்டுதலும் பொய்க்கவில்லை. சிலருக்கு எவ்வளவு நல்ல பாட்டும் காதோடு நின்றுவிடுமே, அவளுக்குக் கடவுள் அப்படி. கேட்டவர்களிடம் சொல்வாள். கேட்காதவர்களிடம் வாயே திறக்கமாட்டாள். இந்த இரண்டாவது குணம்தான் நாத்திகர் சங்கத்தின் செயலாளரான அவள் தம்பிக்கு ஆகவே ஆகாது.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிப் போர்வை, ஓட்டல் மேசைவிரிப்பு என்று லாரி லாரியாகத் துணி வந்து இறங்கும். பதினான்கு பெண்கள் நீராவி இஸ்திரி மிஷின்களில் நிற்பார்கள். அத்தனை மிஷினுக்கும் நீராவி அனுப்பும் பாய்லர் இவள் பொறுப்பு. முறையாகப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, ஆம்பளைகள் மூக்கின் மேல் விரல் வைத்துப் பார்க்கப் பார்க்க, இருபத்திரண்டு வருடமாகச் செய்த வேலை.

காலையில் அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. குளிர்ந்து கிடந்த குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கும். வால்வை மடாரென்று திறந்தால் நீராவி அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்க் குழாயின் மூட்டில் மோதும். மூட்டு பிளந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் வெந்துபோவார்கள். அதனால் வால்வைக் கால் சுற்று மட்டும் திருகித் திறந்து, தண்ணீரை வடித்து, மறுபடி கால் திருகு என்று, அழுத்தம் காட்டும் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். அதுவரை மிஷினில் யாரும் கை வைக்கக்கூடாது.

சும்மா நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பெண்கள் கும்பிடத் தொடங்கினார்கள். ஒருத்தி கைகூப்புவாள், ஒருத்தி உள்ளங்கைகளை ஏந்துவாள், ஒருத்தி உதட்டை மட்டும் அசைப்பாள். எல்லார் கண்ணும் மூடியிருக்கும். பாய்லரம்மாவின் கண் முள்ளின் மேல் இருக்கும். முடிந்ததும் "ம், ஆச்சு" என்பாள். அவ்வளவுதான் ஏற்பாடு. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை.

இதைக் கேள்விப்பட்ட அன்றைக்குத் தம்பி குதித்தான்.

"வேலை செய்யற இடத்துல கும்பிடறாங்க, நீ பாத்துக்கிட்டு நிக்கறே. ஒரு மனு எழுதி நிறுத்தக்கூடாதாக்கா?"

"நீராவி வர்றவரைக்கும் அவங்க வேற என்னடா பண்ணணும்? உன் சங்கப் பத்திரிகையைப் படிக்கணுமா?"

"நீ யார் பக்கம்? அதைச் சொல்லு."

"பாய்லர் பக்கம். சோறு ஆறுது, சாப்பிடு."

அப்புறம் புது மேனேஜர் வந்தார். பக்திமான். அதில் ஒரு தப்பும் இல்லை, ஆனால் பக்தியோடு ஒரு மைக்கையும் கொண்டுவந்துவிட்டார். இனி மனசுக்குள் முணுமுணுப்பது கூடாது, தான் சொல்லச் சொல்ல எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார். பாய்லரம்மா மட்டும் கண்ணை மூடவில்லை, வாயையும் திறக்கவில்லை.

"ஏம்மா, நீங்க மட்டும் தனியா?"

"நான் கண்ணை மூடினா இவங்க வெந்துடுவாங்க சார்."

"சரி, முதல்ல ஒரு நிமிஷம் கும்பிடுவோம். அப்புறம் வால்வைத் திறங்க. ஒரே நிமிஷம்தானே, சும்மாவாவது மூடக்கூடாதா?"

"சும்மா மூடினா அது நடிப்பு சார். பதினாலு பேர் நெஜமா கும்பிடற இடத்துல நான் நின்னு நடிச்சா, அது அவங்களுக்குத்தான் அவமரியாதை."

மேனேஜர் முகம் சிவந்துபோனது. திங்கட்கிழமை கண்ணை மூட வேண்டும், இல்லையென்றால் வேலையைவிட்டு நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பாய்லரம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. இந்த வயதில் இன்னொரு பாய்லர் அறைக்கதவு அவளுக்குத் திறக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி குஷியாக வந்தான். கையில் துண்டறிக்கை. 'நாத்திகப் பெண் தொழிலாளி மீது அடக்குமுறை! வேலையிடங்களில் பிரார்த்தனையைத் தடை செய்!' பாய்லரம்மா பேனாவை வாங்கி இரண்டாவது வரியை அடித்தாள்.

"உனக்காக அவங்கள்ல ஒருத்தியாவது வாய் திறப்பாளா? அவங்களுக்குப் போய் இரக்கப்படறியே!" என்றான் தம்பி.

மூன்று நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்த பயமும் அதுதான். ஆனாலும் அடித்தது அடித்ததுதான் என்று பேனாவை மூடிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை மேனேஜர் மைக்கைத் தட்டினார். பதினான்கு பேரும் கண்ணை மூடினார்கள். பாய்லரம்மா வால்வில் கை வைத்து, கண்ணைத் திறந்துகொண்டு நின்றாள்.

"கடைசியா கேக்கறேன், மூடறீங்களா இல்லையா?"

"இல்ல சார்."

முதல் மிஷினில் நிற்பவளைக் கொண்டைக்காரி என்று கூப்பிடுவார்கள். கும்பிடுவதற்கென்றே அரைமணி முன்னால் வருகிறவள். அவள் கூப்பிய கையைப் பிரிக்காமல் கண்ணை மட்டும் திறந்தாள்.

"சார், இந்தக்கா முழிச்சிருக்கற தைரியத்துலதான் இத்தனை வருஷமா நாங்க கண்ணை மூடினோம். அவங்களை அனுப்பிட்டீங்கன்னா எங்களுக்கு மூட வராது."

அடுத்தவள் திறந்தாள். அப்புறம் அதற்கடுத்தவள். ஏந்திய கை ஏந்தியபடி, கூப்பிய கை கூப்பியபடி, இருபத்தெட்டு கண்களும் மேனேஜரையே பார்த்தன. அவர் விடாமல் மைக்கில் ஆரம்பித்துப் பார்த்தார். மூன்றாவது வரியில் அவருக்கே வார்த்தை மறந்துபோனது. மைக்கை அணைத்துவிட்டு, எதையோ தேடுகிறவர் மாதிரி அலுவலக அறைக்குள் போனார். வேலைநீக்கக் கடிதம் அன்றைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

சாயங்காலம் தம்பி சங்கப் பத்திரிகைக்குச் செய்தி எழுதப் பேனாவோடு உட்கார்ந்தான். "சொல்லு, நமக்கு வெற்றின்னு போட்டுடலாம்."

"கும்பிடறவங்கதான் எனக்காக நின்னாங்கன்னு போடு."

"அதெல்லாம் சங்கத்துல ஒத்துக்கமாட்டாங்கக்கா."

"அப்ப உன் சங்கத்துக்கும் அந்த மேனேஜருக்கும் என்னடா வித்தியாசம்?"

தம்பி பேனாவை மூடிப் பையில் வைத்தான்.

மறுநாள் காலையில் மைக் இல்லை. பெண்கள் வழக்கம்போல வரிசையாக நின்று, அவரவர் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டார்கள். பாய்லரம்மா கால் திருகு திறந்தாள். ஏனோ முள் மங்கலாகத் தெரிந்தது. புறங்கையால் ஒரு கண்ணைத் துடைத்தாள், பிறகு மற்றதைத் துடைத்தாள். இரண்டையும் சேர்த்து மூடவில்லை.