உதடு சேரும் மாதம்

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். வாத்தியாருக்கு வாய்தான் மூலதனம். அந்த வாய் திறக்கவேண்டிய ஒரு நாளில் திறக்கவில்லை. அதை எழுத உட்கார்ந்தாலே இன்னும் கூசுகிறது.

முகம் எப்படி வந்தது என்பது எனக்குப் பிடித்த பாடம். அதற்காக வருடாவருடம் அதிராம்பட்டினம் போவேன். தெரிந்த படகுக்காரர் ஒருவர் படகின் அடியைச் சுரண்டும்போது, அங்கே ஒட்டிக்கிடக்கும் பை மாதிரியான உயிர்களை வாளியில் போட்டுத் தருவார். அமுக்கினால் தண்ணீரைப் பீச்சும். “இது கறிக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது. இதுக்குப் போயி பஸ் ஏறி வர்றீங்களே சார்” என்பார்.

வகுப்பில் அந்த வாளியைக் காட்டிச் சொல்வேன்: இதற்குத் தாடை இல்லை, முகம் இல்லை. ஆனாலும் முதுகெலும்புள்ள நமக்கு இதுதான் நெருங்கிய பங்காளி. இதன் குஞ்சுப் பருவத்தில் நிறம் தருகிற செல்கள் சில உண்டு. நரம்பாகப்போகும் தகட்டின் ஓரத்திலிருந்து வருபவை. நம் கருவிலும் அதே ஓரத்திலிருந்துதான் நியூரல் கிரெஸ்ட் செல்கள் கிளம்புகின்றன. நம்முடையவை ஊர் சுற்றிகள். தோலுக்குப் போய் நிறமாகும், குடலுக்குப் போய் நரம்பாகும், முகத்துக்குப் போய் எலும்பாகும். இவை திடீரென்று முளைத்தவை அல்ல, பங்காளிகளுக்குப் பொதுவான மூதாதையிடம் இருந்த சின்னச் சரக்குதான் பல கோடி வருடங்களில் புது வேலைகளைக் கற்றுக்கொண்டது என்று இப்போது பலர் கருதுகிறார்கள்.

மேலுதடும் அவற்றின் வேலைதான். நடுவிலிருந்தும் இரண்டு பக்கமிருந்தும் சதை வளர்ந்து வந்து ஒட்டவேண்டும். இரண்டாம் மாதம் முடிவதற்குள் ஒட்டினால் உண்டு, இல்லாவிட்டால் பிளவுதான். ஏன் ஒட்டவில்லை என்பதற்கு இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. கரும்பலகையில் படம் போட்டு எத்தனையோ முறை இதைச் சொல்லியிருக்கிறேன்.

என் மகள் மேலுதடு பிளந்து பிறந்தாள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் என் அம்மா தொட்டிலுக்குள் ஒருமுறைதான் பார்த்தாள். பிறகு கட்டிலில் கிடந்த என் மனைவியைப் பார்த்தாள். “கிரகணத்தன்னிக்கு அருவாமனையில உட்காராதே உட்காராதேன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? இப்ப பாரு, புள்ள உதட்டை.”

நடந்தது இதுதான். கிரகணத்தின்போது மனைவிக்கு ஆறாம் மாதம். கிரகணம் விடும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. எனக்கானால் பசி. அம்மா கூடத்தில் கண்ணை மூடிச் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மெதுவாக, “நாலு மாங்காக் கீத்து போட்டுக் குடேன், அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்றேன். “அத்தை பார்த்தா வைவாங்க” என்று தயங்கிவிட்டுத்தான் அவள் நறுக்க உட்கார்ந்தாள். அம்மா எழுந்து வந்து பார்த்துக் கத்தியபோது நான் கொல்லைப்பக்கம் நழுவிவிட்டேன்.

அந்த மாங்காய் யாருக்கு என்று ஆஸ்பத்திரியிலும் அம்மா கேட்கவில்லை. மனைவியும் சொல்லவில்லை. என்னை மட்டும் பார்த்தாள்.

ஒரே வாக்கியம் போதும். உதடு சேருவது இரண்டாம் மாதம், கிரகணம் வந்தது ஆறாம் மாதம். என் வாயில் என்ன, கொழுக்கட்டையா இருந்தது? பேசினால் மாங்காய் என் தலையில் விடியும் என்று பயந்தேன். ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு காபி வாங்கப் போய்விட்டேன். அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிந்தவன் நான். அந்த வாரமே கல்லூரிக்குப் போய் அதே படத்தைப் போட்டு அதே பாடத்தை நடத்தவும் செய்தேன். சீ, என்ன மனுஷன் நான்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மூக்குக்குக் கீழே மெல்லிய கோடு மட்டும் நின்றது. ஆனால் கல்யாண வீடுகளில் யாராவது குழந்தையின் முகத்தை உற்றுப் பார்த்தால், அவர்கள் கேட்பதற்கு முன்பே என் மனைவி, “என் தப்புதாங்க, கிரகணத்துல அஜாக்கிரதையா இருந்துட்டேன்” என்பாள். நான் பக்கத்தில் நின்று பந்தி எப்போது என்று விசாரித்துக்கொண்டிருப்பேன். இப்படியே எட்டு வருடம் ஓட்டிவிட்டேன்.

போன மாதம் ஒரு காலையில், பள்ளிக்கூடம் கிளம்பிய மகளுக்கு அவள் சடை பின்னிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் பார்த்தபடி மகள் கேட்டாள்: “ஏம்மா எனக்கு மட்டும் இந்தக் கோடு?”

“அம்மாதாண்டி பண்ணினேன். நீ வயித்துல இருக்கிறப்ப சொன்ன பேச்சைக் கேக்கல. அம்மாவை மன்னிச்சுக்கோ.”

எட்டு வயதுக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. செல்களிலிருந்து இரண்டாம் மாதம்வரை எல்லாவற்றையும் கொட்டினேன். மாங்காய் கேட்டது அப்பா என்பதையும் மகளிடம் சொன்னேன். மனைவியின் கை சடையிலேயே நின்றது.

“ரெண்டாவது மாசமேவா?”

“ஆமா.”

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

பொய் சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. “கல்யாணத்துக்கு முன்னாடியே பாடம் எடுத்திருக்கேன்” என்றேன்.

அவள் மீதிச் சடையைப் பின்னி முடித்தாள். ரிப்பனைக் கட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பாமல் மகளிடம் சொன்னாள்: “இனிமே யாராச்சும் கேட்டா, உங்கப்பாவைக் கேக்கச் சொல்லு.”