முதலியார் கொண்டுவந்த தயிர்

போன கிழமை கல்முனைச் சந்தையில் மீன் வாங்கப் போன இடத்தில்தான் செய்தி வந்தது. மீன்காரர் தூக்கிய தராசை அப்படியே பிடித்துக்கொண்டு, "மாஸ்டர், நம்மட பாண்டிருப்பு முதலியார் மௌத்தாகிட்டாராம், கேள்விப்பட்டீங்களா?" என்றார். கோயில் மணிச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்து முடித்த செல்லத்துரை முதலியாருக்கு, எங்கள் முஸ்லிம் வீடுகளில் சாவுக்குச் சொல்லும் சொல்லையே எங்கள் ஊர் கொடுத்துவிட்டது. அவருக்கு அது பிடித்திருக்கும். மீனை வாங்காமலே சைக்கிளை எடுத்தேன்.

முதலியார் என்பது அவருடைய உத்தியோகத்தின் பெயர். நீதிமன்றத்தில் நீதவான் சொல்வதை எங்களுக்கும், நாங்கள் சொல்வதை நீதவானுக்கும் மொழிபெயர்ப்பவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆளைக் கேலி செய்யும் அவருடைய விதம் தெரிந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். என்னை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்ன, பதினோராம் எதிரி, சுகமா?" என்பார், நடுச்சந்தியில் நின்று. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்பார்கள். அந்தப் பெயர் வந்த கதையை நான் இவ்வளவு நாளும் மறைத்தே வைத்திருந்தேன். இனி மறைக்க எதுவுமில்லை.

எழுபதுகளின் கடைசி. வாப்பாவின் வயலை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ வாய்க்கால் கட்டை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை, வெட்டுக்குக் கீழே வயல் வைத்திருந்த பதினொரு பேரின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசிப் பெயர் என்னுடையது. நான் மண்வெட்டியைத் தொடவேயில்லை. ஆனால் வழக்கு நாளன்று பின்னேரம்தான் என் வயலுக்குத் தண்ணீர் முறை. கதிர் பால் பிடிக்கும் நேரம். முறை தவறினால் பயிர் போய்விடும். "ஓம் எண்டு சொல்லிப் போட்டு வா, இல்லாட்டித் தவணை தவணையா அலையவேணும்" என்றார்கள் கூட நின்றவர்கள். முதலியார் எங்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் குற்றத்த ஏத்துக்கிறீங்களா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு, பொழுது சாயுமுன் வயலில் நின்றேன். அந்தப் போகம் நல்ல விளைச்சல்.

சில வருடம் கழித்து ஆசிரியர் நியமனத்துக்குத் தெரிவானேன். எப்போதாவது நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டீரா என்று படிவத்தில் ஒரு கேள்வி. "இல்லை எண்டு எழுது, ஆர் தேடப் போறா?" என்றார் மச்சான். நான் ஆம் என்று எழுதினேன். நல்லவன் என்பதால் அல்ல, பயத்தில்தான். கூடத் தெரிவானவர்களுக்கெல்லாம் நியமனக் கடிதம் வந்தது. எனக்கு வரவில்லை. வாப்பா என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினார்.

சட்டத்தரணி சொன்னபடி, வழக்கேட்டின் பிரதி எடுக்க முதலியாரிடம் போனேன். எதிரிகள் ஒவ்வொருவருக்கும் குற்றச்சாட்டு வாசித்து விளக்கப்பட்டதாக அதில் எழுதியிருந்தது. அவர் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை.

"நீ வெட்டினியா?"

"இல்ல ஐயா."

"அப்ப ஏன் தலையாட்டின நீ?"

"அண்டைக்கு எனக்குத் தண்ணி முறை."

ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் அண்டைக்கு அவசரம்தான். ஒவ்வொருத்தரா நான் கேக்கல்ல. பிழை ரெண்டு பேரிலயும் இருக்கு தம்பி. ஆனா சம்பளம் எடுத்தது நான்."

அதையே சத்தியக்கடதாசியாக எழுதிக் கையொப்பம் வைத்தார். தன் வேலையில் தான் விட்ட பிழையை, அந்த வேலையில் இருந்துகொண்டே. அதை வைத்துக் கொழும்பில் மீளாய்வு மனுப் போட்டோம். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எனக்கெதிரான தீர்ப்பு ரத்தானது. வழக்கைத் திரும்ப விசாரித்தபோது, நான் வெட்டியதைக் கண்டதாகச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. விடுதலையானேன், நியமனமும் வந்தது. கடிதத்தோடு அவரிடம் ஓடினேன். "இனிப் பத்து எதிரிதான். உன்ன நான் என்னெண்டு கூப்பிடுற?" என்று கவலைப்பட்டார். பிறகும் பழைய பெயர்தான்.

அதே வருடம் அவர் தெற்கே தூரத்து நீதிமன்றம் ஒன்றுக்கு மாறிப் போனார். "கேட்டு வாங்கின மாற்றம் தம்பி. அங்க எருமைத் தயிர் நல்லம்" என்றார். ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கும் ஒரு மண்முட்டி நிறையத் தயிர் வரும். என் பிள்ளைகளுக்கு அவர் தயிர் மாமா. அவர் ஊருக்கே திரும்பி வரும்வரை இரண்டு வருடம் ருசித்துச் சாப்பிட்டோம்.

அன்று பாண்டிருப்பில் அவருடைய மனைவியிடம், ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று, அந்தத் தயிரைப் பற்றிச் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

"தயிரா? அவருக்குத் தயிர் மணமே ஒத்துக்காது தம்பி. உங்கட கடதாசியாலதான் அவர மாத்தினவங்க. உங்களுக்குச் சொல்லப்படாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நன்றி சொல்லக்கூட விடாமல் போய்விட்டாரே என்று. பிறகு, பஸ்ஸில் மடியில் தயிர் முட்டியை வைத்துக்கொண்டு, மூக்கைத் திருப்பியபடி அவ்வளவு தூரமும் வந்திருப்பாரே என்று நினைத்து நானும் சிரித்தேன். சாவு வீட்டில் இரண்டு பேர் சிரிப்பதை ஆட்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

நியமனக் கடிதம் அலுமாரியில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவல்ல. முந்தாநாள் வகுப்பில் தேசப்படம் கிழிந்துபோயிற்று. வகுப்புத் தலைவி ஏழு பேரைக் கொண்டுவந்து நிறுத்தி, "எல்லாரும் ஏத்துக்கிட்டாங்க சேர்" என்றாள். மணியடிக்க இரண்டு நிமிடம்தான் இருந்தது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டேன். ஆறாவது ஆளோடு மணி அடித்துவிட்டது. ஏழாவது பிள்ளை, "நான் இல்ல சேர்" என்றது. அடுத்த பாடத்துக்கு வந்த ஆசிரியரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளை சொன்னதை முழுவதும் கேட்டேன்.