முதலாளி வீட்டுக்குப் போய் வந்தேன்

இன்னைக்கு பாப்பாவைத் தூக்கிக்கிட்டு அரியலூர் போனேன், என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற சாப்ட்வேர் கம்பெனி முதலாளி வீட்டைத் தேடி. ஆபீஸ் பூட்டிக் கிடக்கு. போனும் எடுக்கல.

கதவைத் திறந்தது முதலாளியோட மனைவி. இடுப்பில் குழந்தை, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"சார் இருக்காருங்களா? என் வீட்டுக்காரர் அவர் கம்பெனியிலதான் வேலை பார்க்கிறார்."

"உங்க வூட்டுக்காரர்கிட்டயாவது எங்க போறேன்னு சொன்னாராங்க?"

இல்லைன்னு தலையாட்டிட்டு பாப்பாவோட திரும்பிட்டேன்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்ப அப்பா இவர் ஊர் பாடாலூர்ல டீக்கடை, சலூன், பக்கத்து வீடுன்னு ஒண்ணு விடாம விசாரிச்சார். இந்த முதலாளியை வெப்சைட்ல கோட்டு போட்ட போட்டோவில் பார்த்ததோட சரி. அதை நம்பித்தான் இவர் வாத்தியார் வேலையை விட்டார்.

"சார் வந்துடுவார்"னு இவர் இன்னும் சொல்லிட்டிருக்கார். நான் போய் வந்ததை இன்னும் சொல்லல.

மாப்பிள்ளையை விசாரிக்க ஊரே இருக்கு. முதலாளியை எந்த டீக்கடையில் விசாரிக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.