பல் பட்ட இடம்

நான் பல்செட் செய்கிறவன். தஞ்சாவூரில் ஒரு பல் டாக்டரின் மாடியில் எனக்கு ஓர் அறை. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, அந்தப் பிளாஸ்டர் வாயை முன்னால் வைத்துக்கொண்டு பல் கட்டுவது என் பிழைப்பு. மெருகு போடுவதில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆளில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. அந்தத் திமிர்தான் போன வருடம் என்னைக் கவிழ்த்தது.

என் அக்கா வலங்கைமான் பக்கம் இருக்கிறாள். அத்தான் கப்பலில் சமையல்காரராக இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பி, இருந்த கொஞ்ச நிலத்தில் விவசாயம் பார்த்தவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய, புகை பிடிக்கும் மரப் பைப் ஒன்று அவரிடம் இருந்தது. எவனோ குடித்துத் தள்ளிய பைப். அதை வாயில் வைத்துக்கொண்டு, கைலியை மடித்துக் கட்டி, மண்வெட்டியும் கையுமாக வரப்பில் நிற்பார். நெருப்பு இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் பார்க்க மாட்டார், பைப் வாயில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாறு வருடம் முன்பு அவருக்குக் கடைவாய்ப் பல் கட்டியது நான்தான். அச்சைப் பார்த்தபோது மேலும் கீழும் இடது கோரைப்பல்லும் அதன் பக்கத்துப் பல்லும் அரை வட்டமாகத் தேய்ந்திருந்தன. "அத்தான், பைப்பை நீங்க கடிக்கிறீங்களா, அது உங்களைக் கடிக்குதா?" என்று கேட்டேன். "ரெண்டும்தான் மாப்ளே" என்று சிரித்தார்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. எட்டு மாதம் இழுத்து, ஒரு நடவுக் காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் லுத்தரன் சபையில் சம்பா அறுவடை முடிந்ததும் அறுப்பின் பண்டிகை நடக்கும். அவரவர் வீட்டில் விளைந்ததைக் கோயிலில் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் நெல், பூசணி, வாழைத்தார், சேவல் எல்லாம் வாசலில் ஏலத்துக்கு வரும். எந்தச் சாதி, எந்த மதத்தார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். அக்கா அந்த வருடம் ஒரு மூட்டை நெல்லோடு அந்தப் பைப்பையும் வைத்துவிட்டாள். ஏலம் போட்டவர் அதைத் தூக்கிக் காட்டி, "கப்பல் புகைபோக்கி வந்திருக்கு! கப்பல் வச்சிருக்கவங்க கேளுங்கப்பா!" என்றார். வாசலே சிரித்தது. நானும் சிரித்தேன், பாவி. அக்கா கோயில் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சேவல் எடுக்க வந்திருந்த குடவாசல் ஹார்டுவேர் கடை பாய் விளையாட்டாகக் கேட்க, பைப் அவர் கைக்குப் போயிற்று.

நான்கு மாதம் கழித்து, மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த வாரம், அக்கா போன் பண்ணினாள்.

"தம்பி, அந்தப் பைப் எனக்கு வேணும்டா."

"எதுக்குக்கா? அந்தச் சனியனாலதானே எல்லாம்னு நீதானே தூக்கிப் போட்டே?"

அப்போதுதான் சொன்னாள். கடைசியில் அத்தானுக்குக் குரல் போய், காற்றாகத்தான் பேச்சு வந்ததாம். பைப்பை அவள் அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "புகையிலை வேணாம்மா. வெறும் குழாய குடு, வாயில வச்சுக்கறேன்" என்று கேட்டிருக்கிறார். இவள் இருந்த எரிச்சலில், "நீங்க செத்தாலும் குடுக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் மத்தியானம் அவர் போய்விட்டார்.

"சோறு பொங்க டிரம்மத் தொறக்கையில எல்லாம் அதே பேச்சுத்தான்டா காதுல கேக்குது. வருச நெனவு நாள் வருது. நான் கல்லறைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்? நீ அதக் கொண்டாந்து குடு."

"சரிக்கா, வை" என்று போனை வைத்தேன்.

குடவாசலுக்குப் போனேன். பாய் நல்ல மனிதர். கல்லாவுக்குப் பின்னாலிருந்த அலமாரியைத் துழாவி எடுத்தார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கீழ விழுந்து விரிஞ்சு போச்சு. குளவி வேற கூடு கட்டிருச்சு. அந்த அம்மா இப்படித் தேடுவாங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே திருப்பிக் குடுத்திருப்பேனே!" என்று வருத்தப்பட்டார். புகையிலை போடும் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து பாதிவரை விரிசல். உள்ளே குளவி பூசிய மண் இறுகிக் கிடந்தது. வாயில் வைக்கும் ஊதுகுழாய் வெளுத்துப் பச்சை பூத்திருந்தது. அதன் நுனியில் மேலும் கீழும் குழி, ஒரு குழி ஓட்டையே ஆகியிருந்தது. இந்தக் கோலத்தில் அக்கா பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்.

ஒரு வாரம் வேலை பார்த்தேன். குழாய் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு, திருகியும் வரவில்லை. ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தபின் மெல்ல அசைந்து வந்தது. குளவி மண்ணை ஈரப்படுத்திச் சுரண்டினேன். துளைக்குள் பஞ்சு சுற்றிய கம்பியை ஸ்பிரிட்டில் நனைத்து விட்டுவிட்டு எடுத்தால், கஷாயம் மாதிரி வந்துகொண்டே இருந்தது. விரிசலில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தேன். கடைசியாக வாய்ப்பக்கம். பல்செட் செய்யும் அக்ரிலிக்கில் கறுப்புத் தூள் கலந்து, ஓட்டையையும் குழிகளையும் நிரப்பினேன். உப்புத்தாளில் தேய்த்தேன், அதைவிட நைசான தாளில் தேய்த்தேன், பிறகு மெருகுச் சக்கரத்தில் பிடித்தேன். எங்கள் தொழிலில் மேடு பள்ளம் என்றால் பிழை, வாய் புண்ணாகிவிடும். விரலில் ஒன்றும் தட்டாதவரை நான் விடுவதே இல்லை. முடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். அத்தான் வாங்கிய அன்றுகூட அது அப்படி இருந்திருக்காது. அடேயப்பா, என்ன பெருமை எனக்கு!

அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் நடவு நடந்துகொண்டிருந்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. நேராக ஊதுகுழாயின் நுனிக்குக் கட்டைவிரலைக் கொண்டுபோனாள். தடவினாள். திருப்பிப் போட்டு அடிப்பக்கமும் தடவினாள்.

"பல்லு எங்கடா?"

"எந்தப் பல்லு?"

"அவரு கடிச்ச இடம். இங்கதான் குழியா இருக்கும். கை வச்சா தெரியும்."

"அதச் சரி பண்ணத்தானக்கா..." என்று ஆரம்பித்தேன்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. பைப்பை முந்தானையில் சுற்றிக்கொண்டு, "நல்லாருக்குடா. புதுசாட்டம் இருக்கு. இருந்து சாப்ட்டுட்டுப் போ" என்றாள். மீன் குழம்பு ஊற்றினாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். பெரிய மெருகுக்காரன்! செத்துப்போன மனிதன் விட்டுவிட்டுப் போன ஒரே தடத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து எடுத்திருக்கிறேன். அக்காவின் கட்டைவிரல் அந்த வழுவழுப்பில் போய்ப் போய் வந்தது கண்ணை விட்டுப் போகவில்லை. திருப்பிக் குழி தோண்டி வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். சீ, அது அவளை ஏமாற்றுவது. அப்போதுதான் அத்தானுக்குப் பல் கட்டிய அந்தப் பிளாஸ்டர் வாய் ஞாபகம் வந்தது.

அறையில் பழைய பிளாஸ்டர் வாய்களைச் சாக்கில் போட்டு வைப்பேன். இடம் பற்றாமல் போனால் உடைத்துக் கொட்டிவிடுவது வழக்கம். முதல் சாக்கில் இல்லை. இரண்டாவதில் இல்லை. உடைத்திருப்பேனோ? மூன்றாவது சாக்கைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மேல் தாடையும் கீழ்த் தாடையும் ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டிய ஒன்று அடியில் கிடந்தது. மற்றவர்களுக்குப் பென்சிலால் பெயர் எழுதுவேன். இதில் 'அத்தான்' என்று எழுதியிருந்தது.

மறுநாள் காலையில் அக்காவின் சமையலறை மேடையில் அதைப் பிரித்து வைத்தேன்.

"யாருதுடா இது?"

"அத்தான். உசுரோட இருக்கையில எடுத்தது. கடைவாய்தான் கட்டுனேன். முன்னாடி இருக்கறதெல்லாம் அவரு சொந்தப் பல்லு."

அவள் சேலையால் வாயை மூடிக்கொண்டாள்.

"பைப்புல இருந்தத நான் அழிச்சுட்டேன்கா. என்னை மன்னிச்சுரு. ஆனா பைப்பு அவரு பல்லத் தேய்ச்சது இதுல அப்படியே இருக்கு. பாரு, இங்க."

அவள் விரலைப் பிடித்துக் கீழ்த் தாடையின் இடது கோரைப்பல் பக்கம் வைத்தேன். அந்த அரை வட்டத்தில் விரல் நின்றுவிட்டது. ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. கண்ணீர் மேடையில் சொட்டியது, துடைக்கவும் இல்லை.

பிறகு போய் அரிசி டிரம்மைத் திறந்தாள். பைப்பைத் திரும்பவும் அதற்குள்தான் வைத்திருந்தாள் போல. எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டினாள். ஊதுகுழாயின் நுனியை முந்தானையால் துடைத்தாள். கீழ்த் தாடையின் அந்தப் பள்ளத்தில் அதை வைத்து, மேல் தாடையை மெதுவாக மூடினாள்.

"இந்தாங்க," என்றாள். "புகையிலை இல்ல, வெறும் குழாய்தான். புடிச்சுக்குங்க."

கையை எடுத்தாள். பைப் விழவில்லை.